வாகனமில்லாச் சடக்கும் இரண்டு சக்கரமும்

சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி ஓர் அரங்கில் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். மலேசியாவில் பல ஆண்டுகளாகச் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் மடிந்து வந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆகவே, பேச நிறையவே இருக்கிறது.

பிரான்சு நாட்டின் கிராமப்புறங்களில் இப்போது ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. தார்ச் சாலையை விட்டு விலகி, கார் வராத சரளைக்கல் பாதைகளில் குடும்பத்தோடு நாள் கணக்கில் சைக்கிளில் போகிறார்கள். இதற்கென்றே 'கிராவல்' சைக்கிள் என ஒரு வகை வந்துவிட்டது. பந்தய சைக்கிளைப் போல் வளைந்த கைப்பிடி, ஆனால் டயர் அகலம். நாற்பது மில்லிமீட்டர் அளவில் இருக்கும். காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் கல்லும் குழியும் அவ்வளவாக முதுகில் இடிக்காது. 2022இல் இத்தாலியில் இதற்கு உலக வெற்றியாளர் போட்டியே முதன்முறையாக நடந்தது.

ஆனால் சைக்கிளை விடப் பாதைதான் முக்கியம். பிரான்சுக்காரர்கள் புதிதாக நிலம் வாங்கிப் பாதை போடவில்லை. இருந்ததையே எடுத்துக்கொண்டார்கள். பர்கண்டி வட்டாரத்தில் ரயில் நின்றுபோன ஒரு தடத்தில் தண்டவாளத்தை அகற்றி, 1997இல் 'பசுமை வழி' என்று திறந்துவிட்டார்கள். தெற்கே துலூஸ் நகரிலிருந்து கடலோர ஏரி வரை 240 கிலோமீட்டர் ஓடுகிறது மிடி கால்வாய். பியேர் போல் ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கிய வேலை; அவர் இறந்த மறு ஆண்டு, 1681இல் முடிந்தது. படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்த காலம் அது. குதிரை நடந்த அந்தக் கரைதான் இன்று சைக்கிள் பாதை.

இதைக் கேட்டதும் கெடாக்காரர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். வான் மாட் சாமான். கெடாவின் மந்திரி புசாராக இருந்த அவர், 1885இல் அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலை அடிவாரத்தை நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பத்து ஆண்டு வேலை. இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு, அந்த வெளிச்சத்தை வைத்து நேர்க்கோடு பிடித்தார்கள் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, கால்வாய் நேராகத்தான் இருக்கிறது! சதுப்பாகக் கிடந்த நிலம் அதனால் நெல் வயலாயிற்று.

அப்படியானால் அந்தக் கரையிலேயே சைக்கிளில் போகலாமே என்றால், அங்கேதான் சிக்கல். கோத்தா சாராங் செமுட், குவார் செம்படாக் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும், கால்வாயை ஒட்டியே பழைய நெடுஞ்சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் லாரி. பார்க்க அழகான இடம், ஆனால் பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிப் போகிற இடமல்ல.

கெடாவின் உண்மையான சரளைப் பாதை இன்னும் உள்ளே இருக்கிறது. மூடா, பெடு என்ற இரண்டு அணைகளைக் கட்டி, 1970இலிருந்து ஆண்டுக்கு இருபோகம் விளையச் செய்த மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் பரப்பு, கெடாவிலும் பெர்லிசிலும் சேர்த்து ஏறத்தாழ 96,000 ஹெக்டர். இத்தனை வயலுக்கும் தண்ணீர் கொண்டுபோகப் பெரிய கால்வாய், அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு வாய்க்கால் என்று வலை பின்னியதுபோல் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீரைத் திறந்துவிடவும், தூர் வாரவும், நெல்லை ஏற்றவும் கரையோரமாகச் சடக்குகள். சிலவற்றுக்குத் தார் போட்டாயிற்று. பல இன்னும் செம்மண்ணும் சரளையுமாகவே கிடக்கின்றன. மேடு கிடையாது, வளைவு குறைவு. அறுவடைக் காலம் தவிர மற்ற நாள்களில் எதிரே வருவது ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு கொக்கு, அவ்வளவுதான். அலோர் ஸ்டார் நகரிலிருந்து கெரியாங் மலைப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலே வயல் தொடங்கிவிடும். மலையடிவாரத்தில் நெல் அருங்காட்சியகமும் இருக்கிறது.

தெற்கே குரூண், பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் என்று இறங்கினால் வயல் மறைந்து தோட்டம் வருகிறது. தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. செம்மண் சடக்கும் சைக்கிளும் இல்லாத தோட்ட வாழ்க்கை ஏது? பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள், கேரியரில் வாளியைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் மிதித்தவர்கள், ஸ்டோருக்குப் பால் கொண்டுவந்தவர்கள், எல்லாரும் கிராவல் ஓட்டியவர்களே. என்ன, அப்போது அதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை. விலையும் ஆயிரக்கணக்கான வெள்ளி இல்லை! தோட்டத்துப் பிள்ளை சைக்கிள் பழகியது, அப்பாவின் பெரிய சைக்கிளில் கம்பிக்குள் காலை விட்டு, குரங்குப் பெடலில். விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். லாரி வந்து ஏறாது.

இந்தச் சடக்குகளின் பயனை எதிரிகூடத் தெரிந்து வைத்திருந்தான். 1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையை முறியடித்துவிட்டுத் தெற்கே இறங்கிய ஜப்பானியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானோர் வந்தது சைக்கிளில். பாலத்தைத் தகர்த்தால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். வெயிலில் டயர் வெடித்தால், வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருவதாக எண்ணிப் பின்வாங்கிய கதைகளும் உண்டு. எழுபது நாளுக்குள் சிங்கப்பூர் விழுந்தது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பெயர்ந்தன. சைக்கிள் மட்டும் பிள்ளைகளோடு கூடவே வந்தது. ஆனால் அவன் இறங்கி ஓட்டுவதற்கு வாசலில் இருப்பது செம்மண் சடக்கு அல்ல, காடிகள் பறக்கும் பெரிய சாலை. தாத்தா பால் வெட்டிய தோட்டத்தின் சடக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் அப்படியே கிடக்கிறது. முன்னால் ஓர் இரும்புக் கதவு, அருகே ஒரு காவலாளி. செம்பனைக் குலை திருட்டுப் போகிறது என்று நிர்வாகம் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் பையனுக்குப் போக்கிடம்?

2017 பிப்ரவரி 18, விடியற்காலை. ஜோகூர் பாருவில் 'பாசிக்கல் லாஜாக்' என்ற உருமாற்றிய சைக்கிள்களில் சாலைக்கு வந்த பிள்ளைகள் மீது ஒரு கார் மோதி, பதின்ம வயதினர் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வழக்கு ஐந்தாறு ஆண்டு நீதிமன்றங்களில் ஏறி இறங்கியது. பெற்றோர் எங்கே போனார்கள், பிரேக் இல்லாத சைக்கிளுக்கு யார் பொறுப்பு, ஓட்டியவர் மீது தவறா என்றெல்லாம் நாடே விவாதித்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் வேகமாக மிதிக்க ஆசைப்படும் ஒருவனுக்கு இந்த நாட்டில் எங்கே இடம் என்ற கேள்வி மட்டும் அந்த அளவுக்கு எழவில்லை.

அண்டை நாட்டைப் பாருங்கள். சிங்கப்பூருக்குள் ஓடிய மலாயன் ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் நிலையத்தை விட்டது. இடத்துக்கு அவ்வளவு பஞ்சமான அந்தத் தீவில், அந்த 24 கிலோமீட்டர் தடத்தை முழுவதும் விற்றுக் கட்டடம் எழுப்பிவிடவில்லை. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டு வைத்தார்கள்.

கெடாவுக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். பாதை ஏற்கெனவே இருக்கிறது. ஐரோப்பாவில் பசுமை வழிகளின் வாயிலில் ஓர் எளிய தடுப்பு இருக்கும். சைக்கிளும் ஆளும் நுழையலாம், கார் நுழைய முடியாது. பூட்டை வைத்துக்கொண்டால் வேலை உள்ளவர்கள் மட்டும் திறந்துகொள்ளலாம். கால்வாய்க் கரைகளில் சிலவற்றுக்காவது, வார இறுதிக் காலை வேளைகளில் மட்டுமாவது, இப்படிச் செய்ய முடியாதா? கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். தோட்ட நிர்வாகங்களும் குலை வெட்டாத நாளில், பள்ளியோ மன்றமோ பொறுப்பேற்று எழுதிக் கேட்டால், ஒரு பாதையைத் திறந்துவிடலாம். சொல்லாமல் கொள்ளாமல் நுழைவது அத்துமீறல். கேட்டுப் போவது வேறு.

போகிறவர்களுக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். மிடி கால்வாய்க்குக் கரை நெடுகப் பிளேன் மர நிழல் உண்டு. அதையும் 2006இலிருந்து ஒரு பூஞ்சை நோய் அரித்து வருகிறது. மூடா வயலில் நிழலே கிடையாது. கெடாவில் விடிவது காலை ஏழு மணிக்கு மேல். பத்து மணிக்குள் திரும்பிவிடுவது நல்லது. மழை பெய்த செம்மண் சோப்புப் போல் வழுக்கும். பெரிய கால்வாய்களின் சிமெண்டுச் சரிவில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏறுவது கடினம். ஆகவே பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கமாக ஓட்டக்கூடாது, பெரியவர் அந்தப் பக்கம் வர வேண்டும். செம்பனைக்குள் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். நின்று இளைப்பாறுவது சடக்கின் நடுவிலேயே இருக்கட்டும். அறுவடை நேரத்தில் நெல் லாரி வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். அது விவசாயியின் சடக்கு, அவருக்கு அன்று ஒவ்வொரு மணி நேரமும் காசு.