மூன்றாம் முறை தேறிய மாணவர்

(கொல்லிமலை அடிவாரம் புளியஞ்சோலையில் நடைபெற்ற ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஆகாயகங்கையாய் விழுந்த ஐயாறு மலையிறங்கி வந்து நம் கால்களை நனைக்கும் இந்த இடத்தில், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. காலை வணக்கக் கூட்டத்துக்கு நாள்தோறும் தாமதமாக வருவாள். எழுதச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டிருப்பாள். மதியத்துக்கு மேல் ஓடியாடி விளையாடுவாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்தேன். அது சிறார் மூட்டழற்சி என்று மருத்துவர் சொன்ன நாளில் தலைகுனிந்தேன். தூங்கி எழுந்ததும் மூட்டுகள் இறுகியிருக்கும். நேரம் ஆக ஆகத்தான் இளகும். அந்நோயின் இயல்பே அதுதான்.

வாரம் ஒருமுறை அவளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாற்றைத் தேடியபோது, அது நம் சென்னையில் படித்த ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பிறகு அமெரிக்கா சென்றார். பின்னாளில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையிலான குழு, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உருவாக்கியது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அமினோப்டெரின் முதலில் பயன்பட்டது.

1948-இல் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரின் முடக்குவாதத்தைத் தணிப்பது பற்றிய மருத்துவக் கட்டுரை 1951-இல்தான் வெளிவந்தது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அமெரிக்க அரசு ஏற்றது 1988-இல். இன்று உலகெங்கும் மூட்டுவாத மருத்துவர்கள் பெரிதும் நம்பும் மருந்து அது. அவரோ அதைப் பார்க்கவில்லை.

இரண்டு முறை தவறியவரை ‘இவன் தேறமாட்டான்’ என்று பள்ளி விட்டிருந்தால்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். காலையில் மட்டும் நொண்டும் குழந்தை, கை வீங்கி எழுத முடியாத குழந்தை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். கண்டிக்கும் முன் கேளுங்கள்; பெற்றோரை அழைத்துப் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

என் மாணவி இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சில நாள்களில் இன்றும் தாமதமாகத்தான் வருகிறாள். நான் வாசலில் நின்று, “வாம்மா” என்று அழைத்துப் போகிறேன்.