திண்ணனார் கற்ற கானகக் கல்வி



கண்ணப்ப நாயனாரைக் கல்லாத வேடர் என்று சொல்லி மேற்செல்லும் சொற்பொழிவாளர் பலர். அது பொருந்தாக் கூற்று. அவர் ஏடு கற்றிலர், காடு கற்றவர். 12-ஆம் நூற்றாண்டில் திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான், அவர் வில் பயின்றதையும் வேட்டை ஆடியதையும் அத்துணை விரித்துரைத்தது வீணன்று.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் நாகனுக்கும் தத்தைக்கும் தோன்றியவர் திண்ணனார். காளத்திப் பக்கத்து மலைக்காடுகள் கோடையில் இலையுதிர்ப்பன. அத்தகைய காட்டில் மான் நிற்குமிடத்தை மரஞ்செடிகளே அறிவிக்கும். புள்ளிமான் புல்லும் நிழலும் கூடும் இடத்தை நாடும். நீரைவிட்டு நெடுந்தொலைவு அகலாது. குரங்குகள் உதிர்க்கும் தளிரையும், மரத்தடியில் விழுந்த நெல்லிக்கனியையும் தேடி வரும். கடமானோ பகலில் சரிவுகளின் அடர்ந்த புதரில் ஒடுங்கி, இரவில் மேயும். கொழுந்து கத்தியால் அரிந்ததுபோற் சாய்வாக இருப்பின் கடித்தது முயல். பிய்ந்து நாராக இருப்பின் மான். மானுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை! காற்றையும் கணித்தல் வேண்டும். வெயில் ஏறியபின் சரிவில் காற்று மேல்நோக்கி எழும், அந்தியில் கீழிறங்கும். பகலில் கீழிருந்து ஏறும் வேடனுக்கு முன்னே அவன் வாடை ஏறிவிடும்.

இன்று வேட்டையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. அக்காலத்து வேடர்க்கும் விலக்கு உண்டு. யானைக்கன்றைத் தொடரார், குருளைகளைக் கொல்லார், சூல்கொண்ட பிணையை வருத்தார். சேக்கிழார் இதனை மறவாது ஓதினார்.

வலை அறுத்தோடிய பன்றியைத் தொடர்ந்து வீழ்த்தியபின், நீர் எங்குண்டு என வினவினார் திண்ணனார். பெரிய தேக்கு மரத்திற்கு அப்பால் குன்றின் பக்கத்தே பொன்முகலி ஓடுவதாக நாணன் கூறினான். அவ்வழியே குடுமித்தேவர் கிடைத்தார்.

ஆறாம் நாள் இறைவர் திருக்கண்ணில் குருதி பெருகிற்று. திண்ணனார் தாம் கற்றவாறே செய்தார். செய்தவர் எவரேனும் உளரோ, விலங்கு ஏதேனும் உண்டோ என்று மலைச்சாரல் முழுதும் தேடினார்; காணவில்லை. அம்புப் புண்ணுக்கு வேடர் இடும் பச்சிலைகளை விரைந்து பறித்து வந்து பிழிந்தார், நிற்கவில்லை. அவர் அறிந்த காட்டில் அதற்குமேல் மருந்து இல்லை. ஊறுபட்ட உறுப்புக்கு அவ்வுறுப்பே மருந்து என்னும் பழஞ்சொல் நினைவில் எழுந்தது. அம்பால் தம் கண்ணை இடந்து அப்பினார். குருதி நின்றது.