ஊசிமுனைக்கு ஒரு காப்பு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியின் பெருமை பேசுதல் மரபு. இன்றோ யாம் மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அது ஊசிமுனை. காரணம் உண்டு. சென்ற ஆண்டு விழாவன்று, தோரணம் கட்டிய நம் கை தவறவிட்ட டிராயிங் பின் ஒன்று, வெறுங்காலுடன் ஆட வந்த குழந்தையின் பாதத்தில் ஏறிற்று. ஆட்டம் நின்றது, குழந்தை அழுதது, நாம் தலைகுனிந்தோம். பிழை நம் கையினது. எனினும் அப்பொருளின் வடிவுக்கும் அதில் பங்குண்டு.

டிராயிங் பின்னின் தலை தட்டையானது. ஆதலின் கீழே விழுந்தால், முனை மேல்நோக்கி நிற்க ஏதுவாகிறது. 1900ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எட்வின் மூர் என்பார், ஊசிக்குக் கைப்பிடி ஒன்றை அமைத்தார். அதுவே புஷ் பின். அது விழுந்தால் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும். பிடுங்கும்போது நகமும் பெயராது. முனையின் கூர்மை குறையவில்லை. அதனைக் கையாளும் வழியே மாறிற்று.

நம் தாய்மார் தாலிக்கொடியிலும் வளையலிலும் கோத்து வைத்திருக்கும் ஊக்கின் வரலாறும் இத்தகையதே. 15 டாலர் கடனைத் தீர்க்க எண்ணிய வால்டர் ஹண்ட் என்பார், கம்பித் துண்டொன்றை வளைத்து அதனை உருவாக்கினார் என்பர். 1849 ஏப்ரல் 10இல் காப்புரிமை பெற்று, 400 டாலருக்கு அதனை விற்றார். கம்பியின் ஒரு முனையில் சுருள். அது வில்லைப்போல் விசை தரும். மறு முனையில் கூடு. அது கூர்முனையை மூடிக் காக்கும். இத்துணை எளிய அமைப்பு, எத்தனை கோடி விரல்களைக் காத்துள்ளது!

எனினும், திறந்த ஊக்கு திறந்த கத்திக்கு ஒப்பாகும். குழந்தைகள் விழுங்கிய பொருள்களை அறுவையின்றி வெளியே எடுப்பதில் புகழ்பெற்ற பிலடெல்பியா மருத்துவர் செவாலியர் ஜாக்சன் சேர்த்து வைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் ஊக்குகளும் பல. தாய்மார்களே, ஊக்கை வாயிற் கவ்விக்கொண்டு சேலை கட்டும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பார்த்திருக்கும் குழந்தையும் அதனையே செய்யும்.

மற்றொன்று. துருவினால் ரணஜன்னி வருகிறதெனப் பலர் எண்ணுகின்றனர். அது மண்ணில் வாழும் கிருமியால் வருவது. துருவற்ற ஊசியும் அதனை உடலுள் ஏற்றக்கூடும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் பிள்ளைகளுக்குரிய தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஊசி தரும் தீங்கிற்கு ஊசியே காப்பு!

அன்பர்களே, காரோட்டில் வாழும் நமக்கு ஊக்கின் தொழில் புதியதன்று. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நடுவே விழுந்தது. எனினும் களியக்காவிளைச் சந்தைக்கும் பாறசாலை ரயிலடிக்கும் இரு பக்கத்தாரும் போய்வருகின்றோம். வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக, இரு துணிகளைக் கிழிக்காமல் சேர்த்துப் பிடித்து வாழ்கின்றோம். சேர்ப்பதற்குக் கூர்மை வேண்டும். சேர்ந்தபின் அக்கூர்மை மூடியிருத்தல் வேண்டும்.

ஆகவே இவ்வாண்டு மேடையில் டிராயிங் பின் இல்லை. தோரணங்களை நூலால் கட்டியுள்ளோம். பிள்ளைகளின் ஆடையில் குத்திய ஊக்குகளை எண்ணிக் கொடுத்தோம். விழா முடிந்ததும் எண்ணியே திரும்பப் பெறுவோம். ஒன்று குறைந்தாலும் விளக்கை அணையோம். தேடி எடுத்த பின்னரே வீடு செல்வோம்.

சென்ற ஆண்டு பாதியில் நின்ற அந்த ஆட்டம், இன்று அதே குழந்தையால் நிறைவு பெறவிருக்கிறது. கண்டு மகிழுங்கள்.