தலையெழுத்தா, இரத்தத்தில் ஓடும் சர்க்கரையா?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் கூட்டத்தில் பேசியது)



மோட்ச நரகத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நம் மூளையைப் பற்றியும், அதற்கு வேண்டிய தீனியைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பையனுக்குப் பாடம் மனதில் நிற்காவிட்டால் நம்மவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "பிரமன் எழுதவில்லை" என்கிறார்கள். "சனி பிடித்திருக்கிறது" என்கிறார்கள். மேல்சாதி என்பவர்களோ, "மலைச்சாதிக்குப் படிப்பு ஏறாது" என்கிறார்கள். இந்த மலையிலேயே காவலூரில் 1986 முதல் 93 அங்குலத் தொலைநோக்கி இருக்கிறதே. அதில் வானத்தைப் பார்ப்பவர்கள், எந்தக் கிரகமாவது நம் பிள்ளையின் புத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கண்டதுண்டா?

பின் காரணம் என்ன? மூளை உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால், சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. அதற்கு முக்கிய ஆகாரம் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை. அதை மூளை தன்னிடம் அதிகமாகச் சேர்த்துவைக்க முடியாது. இராத்திரியில் ஈரல்தான் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறது. பிள்ளையின் ஈரல் சிறியது. மூளையோ உடம்பளவுக்குப் பெரியது. ஆகவே, அரைவயிற்றுக் கஞ்சியில் வளரும் பிள்ளை காலையிலும் பட்டினியாகப் பள்ளிக்கு வந்தால், கவனமும் ஞாபகமும் தளருகின்றன. இது சாதியின் குற்றமா, வயிற்றின் குற்றமா?

இதைச் சரஸ்வதி பூசை தீர்க்கவில்லை, சோறுதான் தீர்த்தது. 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது. 1956-ல் காமராசர் அதை நாட்டுப்புறங்களுக்கும் கொண்டுபோனார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது.

இனி, சர்க்கரை வியாதிக்காரர் சங்கதி. இன்சுலின் ஊசியோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, கிருத்திகை விரதம் என்று பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும். 54-க்கும் கீழே போனால் பேச்சு குழறும். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமற் போகலாம். நம்மவர்கள் "சாமி வந்துவிட்டது" என்று கற்பூரம் ஏற்றுவார்கள்; "பேய்" என்று வேப்பிலை அடிப்பார்கள். அதற்குள் வலிப்பு வரும். உயிரே போனாலும் போகும். விழுங்கக்கூடிய நிலையிலிருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். பூசாரி வீட்டுக்கு அல்ல!

அதற்காகச் சர்க்கரையை அள்ளித் தின்றால் புத்தி வளரும் என்று எண்ணிவிடாதீர்கள். வருஷக்கணக்காய் ஏறியே நிற்கும் சர்க்கரை, மூளையின் இரத்தக் குழாய்களைக் கெடுத்து ஞாபகத்தை அரித்துவிடும். நீங்கள் விளைவிக்கும் சாமை, அதிகம் தீட்டாமல் உண்டால், வெள்ளை அரிசியைவிட மெதுவாகவே சர்க்கரையை ஏற்றும். அதை ஏழைச் சோறு என்று இளப்பம் செய்யாதீர்கள்.

தோழர்களே! நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். தலையெழுத்தைச் சோதித்துப் பார்க்க எவனாவது கருவி வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். பிறகு எது மெய் என்று உங்கள் அறிவே சொல்லும்.