விடுபட்ட நாற்பது குழி
(மாணவர் மன்றமொன்றில் ஆற்றிய உரை)



மேடையேற வந்தவன் கரும்பலகை கேட்கிறானே என்று நகைக்க வேண்டா. இன்றைய பேச்சுக்கு ஒரு படம் வேண்டும்.

அண்டை வீட்டுச் சிறுவன் ஒருவன், "ஏ பிளசு பி ஓல் இசுகுவேர்" என்று தொடங்கி மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "பத்தும் இரண்டும் சேர்ந்ததன் இருமடி யாது?" என்றேன். பத்தின் இருமடி 100, இரண்டின் இருமடி 4, ஆக 104 என்றான். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னேன், 144 வந்தது. விழித்தான். அவனை நான் நோகேன். ஒலியை ஊட்டிப் பொருளை ஊட்டாத கல்வியையே நோவேன்.

நம் முன்னோர் நிலத்தைக் கோலால் அளந்தனர். நீளக் கோலையும் அகலக் கோலையும் பெருக்கி வந்ததைக் குழி என்றனர். (இச்சொல் நம்மிடமிருக்க, 'வர்க்கம்' என்று இரவல் வாங்கியது ஏனோ!) பக்கத்திற்கு 10 கோலுள்ள கொல்லை 100 குழி. கிழக்கே 2 கோலும் தெற்கே 2 கோலும் கூட்டி, மீண்டும் நாற்பக்கமும் ஒத்த கொல்லையாக்குவோம். கிழக்குப் பட்டை 10க்கு 2, அதாவது 20 குழி. தெற்குப் பட்டையும் 20 குழி. தென்கிழக்கு மூலைத் துண்டு 2க்கு 2, 4 குழி. சிறுவன் பழைய கொல்லையையும் மூலைத் துண்டையும் எண்ணினான். பட்டை இரண்டையும் விட்டான். வரப்பில் நின்று எண்ணும் உழவன் 40 குழியை விடுவானா?

பத்தை அ என்றும் இரண்டை இ என்றும் வைத்தால்,

(அ + இ)² = அ² + 2அஇ + இ².

நடுவிலுள்ள இரண்டு எங்கிருந்து வந்தது என்று இனி எவரும் கேளார், பட்டைகள் இரண்டு. கி.மு. 300 அளவில் கிரேக்க அறிஞர் யூக்கிளிடும் தம் வடிவக்கணக்கு நூலின் இரண்டாம் பகுதியில், நான்காம் கூற்றாக இதனை எழுத்துக்குறிப் பெருக்கலின்றிக் கோட்டாலும் கட்டத்தாலுமே நிறுவினார்.

குறைத்தலுக்கும் இப்படமே போதும். 97இன் இருமடி வேண்டுமா? 100 கோல் கொல்லையில் இருபுறமும் 3 கோல் பட்டையை நீக்குக. பட்டைக்கு 300 ஆக 600 போகும். ஆனால் மூலையிலுள்ள 9 குழி இரு பட்டையிலும் அடங்கியதால் இருமுறை கழிந்துவிட்டது. ஒருமுறை திருப்பித் தரவேண்டும். 10000இல் 600 போக 9400, அதனோடு 9; விடை 9409. கழித்தலில் இறுதியுறுப்பு ஏன் கூட்டலாகவே நிற்கிறது என்று மலைத்தவர்க்கு விடை அந்த மூலையில் கிடக்கிறது.

இனி, அ, இ, உ என மூன்றாகப் பிரித்த பக்கமுடைய கொல்லையை நீங்களே வரைந்து பாருங்கள். ஒன்பது துண்டுகள் வரும். அவற்றுள் இணையாய் அமைவன எவை, தனித்து நிற்பன எவை என்று அடுத்த கிழமை இப்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.