பேசாமல் பேசும் படம்

நேயர்களே, வானொலியில் மௌனப் படத்தைப் பற்றிப் பேசப் புகுவது சற்று வேடிக்கைதான். இங்கே குரல் உண்டு, முகம் இல்லை. அங்கே முகம் உண்டு, குரல் இல்லை. இல்லாததை நிரப்பிக் கொள்வது இரண்டிடத்தும் நம் மனமே.

2011-ஆம் ஆண்டில் மிஷேல் ஹசனாவிசியஸ் என்ற பிரெஞ்சு இயக்குநர் 'தி ஆர்ட்டிஸ்ட்' என்னும் படத்தை வெளியிட்டார். வண்ணச் சுருளில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்ட மௌனப் படம் அது. 2012-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் உட்பட ஐந்து ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. பேசும் படம் வந்தபின் புகழிழந்த ஒரு மௌனப் பட நடிகனின் கதை அது.

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் சிறுவரும் முதியோருமாகக் கூடி அதைப் பார்த்தோம். ஒரு காட்சியில், தனியறையில் தொங்கும் நாயகனின் கோட்டுக்குள் இளம்பெண் தன் ஒரு கையை நுழைக்கிறாள். அக்கை அவனுடைய கையாகி அவளையே அணைத்துக் கொள்கிறது. ஆங்கிலம் அறியாத என் அத்தை, "இது படம் இல்லையடா, பதம்!" என்றார்.

எத்தனை பொருத்தமான சொல்! தஞ்சை மண் வளர்த்த ஆடற்கலையிலும் பதம் ஆடுபவள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பின்னால் பாட்டு ஒலிக்க, அவளே நாயகி, அவளே நாயகன். மௌனப் படத்துக்கும் பின்னணியில் இசை உண்டு. ஆகவே 'ஊமைப் படம்' என்று நம்மவர் இட்ட பெயர் பொருந்தவில்லை. பேச இயலாமை வேறு. பேசாமலே உணர்த்துதல் வேறு.

அப்படத்தின் நாயகன் ஒரு கனவு காண்கிறான். மேசைமேல் வைத்த கண்ணாடிக் குவளை 'டக்' என்கிறது. அதுவரை ஒலியின்றிப் பழகிய நாம் திடுக்கிடுகிறோம். நாள் முழுதும் இரைச்சலில் வாழும் செவிக்கு ஒரு சிற்றொலியின் மதிப்பைத் திருப்பித் தருவது மௌனமே அன்றோ?

இம்மகிழ்ச்சியினூடே ஒரு வருத்தமும் எழுகிறது. 1905-இல் திருச்சியில் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார் சாமிக்கண்ணு வின்சென்ட். பின்னர்ச் சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டின் அந்த முதல் மௌனக் கதைப் படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றுபவை. பேணாவிடில் மக்கிப் போகுபவை.

நம் பாட்டனார் கண்டு வியந்த முகங்களை நாம் காண வழியில்லை. அவ்வியப்பு எத்தகையது என்பதை மட்டுமே இந்தப் பிரெஞ்சுப் படம் உணர்த்துகிறது. நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய படச்சுருள் ஏதேனும் இருப்பின், குப்பையில் எறியாதீர்கள்; தீயருகே வையாதீர்கள். புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.