எத்தனை மணிக்குச் சூடு பட்டது?

(பெரம்பலூர் - அரியலூர் வட்டார முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழிற்சாலைப் பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார் நம் செயலாளர். ஹெல்மெட்டையும் ஷூவையும் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு தீக்காய வார்டில் நர்சுகள் செய்கிற வேலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இன்ஜினியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கு இருந்தது.

2015-இல் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு விடியற்காலை ப்ரீஹீட்டரின் கடைசி சைக்ளோன் அடைத்துக்கொண்டது. அங்கே மாவின் சூடு 800 டிகிரிக்கு மேல். காற்று கலந்தால் அந்த மாவு தண்ணீராட்டம் ஓடும். "சீக்கிரம் எடுத்து விடுங்க, கில்ன் நிக்கக் கூடாது" என்று வாக்கி-டாக்கியில் சொன்னவன் நான்தான். முழு உடுப்பு எடுத்துவர ஆள் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அடைப்பு திடீரென்று விட்டது. கம்பி பிடித்திருந்த ஒப்பந்தத் தொழிலாளி மேல் மாவு கொட்டிவிட்டது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்; அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தத் தளத்தில் தண்ணீர்க் குழாய் இல்லை. முதலுதவிப் பெட்டியில் இருந்த களிம்பை அப்பி, வண்டியில் ஏற்றி, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வார்டு நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குச் சூடு பட்டது சார்?"

"காலையில சிஸ்டர்."

"காலையிலன்னா? மணி சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. கில்னின் டெம்பரேச்சரை மணிக்கு மணி எழுதி வைக்கிறவன், மனுஷன் வெந்த நேரத்தைப் பார்க்கவில்லை. கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டேன். அடைப்பு விட்ட நேரம் கிராஃபில் இருந்தது. 5.40. நாங்கள் வந்து சேர்ந்தது 8.10.

அந்தக் கேள்வியின் கனம் பிறகுதான் புரிந்தது. பெரிய தீக்காயத்தில் இரத்தக் குழாய்கள் கசிந்து, உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். அதை ஈடு செய்ய 1968-இல் அமெரிக்காவின் பார்க்லேண்ட் மருத்துவமனையில் ஒரு கணக்குப் போட்டார்கள். எடை கிலோவில், வெந்த பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி நாலால் பெருக்கினால் 24 மணி நேரத்துக்கு வேண்டிய மில்லி வரும். பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி, சூடு பட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது.

அண்ணன் 60 கிலோ. கழுத்து, மார்பு, இரண்டு கை, ஏறத்தாழ 30 சதவீதம். மொத்தம் 7,200 மில்லி. முதல் பாதி 3,600. சாதாரணமாக மணிக்கு 450. வழியில் ட்ரிப்ஸ் எதுவும் ஏறவில்லை. இரண்டரை மணி நேரம் போய்விட்டதால் மிச்சம் ஐந்தரை மணி. மணிக்கு 650-க்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தது. நான் தாமதித்ததற்கு அவர் உடம்பு வட்டி கட்டியது.

இன்று பல இடங்களில் நாலுக்குப் பதில் இரண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அதிகம் ஏற்றினாலும் நுரையீரலில் நீர் கோர்க்கும். சூத்திரம் ஆரம்பம் மட்டும்தான். பிறகு நடப்பது நாம் படித்த ஃபீட்பேக் கண்ட்ரோல். அளவுகோல், சிறுநீர். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். குறைந்தால் ட்ரிப்ஸைக் கூட்ட வேண்டும், மிஞ்சினால் குறைக்க வேண்டும். அந்த நர்ஸ் மணிக்கு ஒருதரம் குனிந்து பையைப் பார்த்து எழுதினார். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுதினார். எத்தனையோ மீட்டர் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கவனமாக ஒரு மீட்டரை நான் படித்ததில்லை.

முதல் இரண்டு நாள் தாண்டினால் அடுத்த எதிரி கிருமி. டிரெஸ்ஸிங் மாற்றுவதற்கு முன்பே வலி மருந்து கொடுப்பார்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சலைன் ஊற்றி ஊறவைத்து எடுப்பார்கள். மருந்து பூசி, விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுவார்கள். சேர்த்துக் கட்டினால் விரலோடு விரல் ஒட்டிவிடும். அண்ணன் தலையணை கேட்டு அழுதார். சிஸ்டர் தரவில்லை. "இப்ப சொகமா இருக்கும்ணே, அப்புறம் தாடை நெஞ்சோட ஒட்டிக்கும்" என்றார். சோற்றிலும் ஒரு போராட்டம். முட்டை தின்றால் சீழ் பிடிக்கும் என்று வீட்டார் பத்தியம் வைத்தார்கள். புதுத் தோல் வளரப் புரதம் வேண்டும் என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று முட்டையைச் சாப்பிட வைத்தார்.

உடம்பெல்லாம் கொப்புளம் வெடித்துத் தோல் உரிகிற நோயாளிகளுக்கும் ஏறக்குறைய இதே பராமரிப்புதான். நம் நாட்டில் பல வார்டுகளில் அவர்களை வாழையிலையில் படுக்க வைப்பதுண்டு. புண் ஒட்டாது, உரசாது.

நம் சிமெண்டுக்கும் தோலுக்கும் தீயில்லாமலே பகை உண்டு. ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். கான்கிரீட்டில் மணிக்கணக்கில் முட்டி போட்டு வேலை செய்தால் தோல் வெந்து போகும், முதலில் வலிகூடத் தெரியாது. கொத்தனார் கையில் வரும் அரிப்புக்குச் சிமெண்டில் உள்ள குரோமியமும் ஒரு காரணம். ஐரோப்பாவில் 2005 முதல் அதற்குச் சட்டப்படி வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தூரத்துச் சங்கதி இல்லை. 2023 அக்டோபர் 9-ஆம் தேதி அரியலூர் மாவட்டம் விரகாலூரில் வெடி தயாரிக்கும் இடம் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, சந்தோஷம். ஆனால் எந்த ஆஸ்பத்திரியானாலும், முதல் இருபது நிமிஷம் நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, சூடு உள்ள ஒவ்வொரு தளத்திலும் ஒரு தண்ணீர்க் குழாய் வையுங்கள். மாவு ஒட்டிய உடையைக் கழற்றி, பொடியை உதறிவிட்டு, ஓடும் தண்ணீரை 20 நிமிஷம் விட வேண்டும். ஐஸ், பேஸ்ட், மஞ்சள், இங்க், களிம்பு எதுவும் வேண்டாம். அன்று நாங்கள் அப்பிய களிம்பைத் துடைத்தெடுத்த பிறகுதான் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடிந்தது. இரண்டு, வீங்குவதற்கு முன் மோதிரம், கயிறு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தமான துணியால் மூடுங்கள். மூன்று, மணியைப் பார்த்து எழுதுங்கள். பேப்பர் இல்லையென்றால் கையில் எழுதுங்கள்.

அண்ணன் பிழைத்தார். ஒட்டுத் தோல் வைத்தார்கள், மாதக்கணக்கில் உடற்பயிற்சி. போன பொங்கலுக்குப் பார்க்கப் போனேன். எனக்குக் காபி டம்ளரை அவரே பிடித்துக் கொடுத்தார். கழுத்தைத் திருப்பி, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அந்தக் கழுத்து திரும்பியது தலையணை கொடுக்காத அந்த சிஸ்டரால். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, கில்ன் ஓடணும்ல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே உங்கள் முன்னால் சொல்லிவிட்டேன்: கில்ன் நிற்கலாம்.